ஓவன் தன்னைத் தானே சுத்தம் செய்யும்போது அளவு மீறிச் சுட்டால்

பண்டாரவளையில் ஐந்து அறைகளோடு விருந்தினர் விடுதி நடத்தும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். கொழும்பில் இருந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஊர் திரும்பும்போது விற்ற அமெரிக்க ஓவனை இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கினாராம். சுவரில் பதிக்கிற வகை. உள்ளே ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி அதில் உண்டு. முதல் வருஷம் குறையில்லை. இந்த வருஷம் அந்த முறையில் போட்டால் ஒரு மணித்தியாலம் போவதற்குள் சுற்றியுள்ள புது மர அலுமாரி கை வைக்க முடியாமல் சுடுகிறது, வார்னிஷ் வாசனை கிளம்புகிறது, திரையில் எஃப் என்ற எழுத்தோடு ஓர் எண் வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. இரண்டாவது தடவை வீட்டின் ட்ரிப் சுவிட்சும் விழுந்தது, ஓவன் கதவு இரவு வரை திறக்கவே இல்லை. பார்க்க வந்தவர் "போர்ட் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் தங்கச்சி போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார்: "முன்பு 180-இல் வெந்த கேக்குக்கு இப்போது 200 வைக்கிறேன், மலைநாடுதானே அண்ணே. அதன் மணிக்கூடு வந்த நாளிலிருந்தே பிந்தித்தான் ஓடும், நாங்கள் அதைப் பார்ப்பதில்லை."

தங்கச்சி, போர்டுக்கு, அதாவது ஓவனை நடத்தும் மின்னணுப் பலகைக்கு, இப்போதே காசு கட்ட வேண்டாம். நீங்கள் கடைசியில் எழுதிய அந்த இரண்டு வரியிலும், "புது மர அலுமாரி" என்ற ஒரு சொல்லிலும் பாதி விடை இருக்கிறது.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எலெக்ட்ரீசியனாக வேலை பழகியவன். அப்புறம் சில வருஷம் வளைகுடாவில் ஹோட்டல் சமையலறைச் சாமான்களைப் பார்த்துக்கொண்டேன். இப்போது ஹட்டனில் இதே வேலை. இத்தனை வருஷத்தில் "ஓவன் ஓவராகச் சுடுகிறது" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உள்ளே சுடுகிறதா, வெளியே சுடுகிறதா? உள்ளே வெப்பம் எல்லை தாண்டுவது ஒரு நோய். உள்ளே சரியாக இருந்தும் அந்த வெப்பம் வெளியே கசிந்து அலுமாரியைச் சுடுவது வேறு நோய். இரண்டுக்கும் மருந்து வேறு. உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது போலத் தெரிகிறது, அதனால்தான் வந்தவருக்குக் குழப்பம். போதாததற்கு, அந்த "உள்ளே சுடுவது" உண்மையிலேயே நடக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

முதலில் அந்த முறை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கேக் 180 பாகை செல்சியஸில் வேகும், பாண் 220-க்கு மேல் வேகும். சுத்தம் செய்யும் முறையில் ஓவன் 470 முதல் 500 பாகை வரை ஏறி அங்கேயே இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கும். அந்தச் சூட்டில் எண்ணெயும் சீனியும் கருகிச் சாம்பலாகிவிடும், ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதும். 1963-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி இதை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது. சுமார் 300 பாகை தாண்டினால் கதவு பூட்டிக்கொள்ளும், அதற்குக் கீழே இறங்கினால்தான் திறக்கும். நம் ஃபெக்டரியில் தேயிலை காய வைக்கிற ட்ரையரின் வாய்க்காற்று 100 பாகை செல்சியஸ் அளவுதான். அதைப்போல ஐந்து மடங்கு சூட்டை வீட்டுக்குள்ளே, மர அலுமாரிக்கு நடுவே வைத்துப் பிடிக்கிற வேலை இது. சூடு வெளியே போகாமல் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு, கூலிங் விசிறி, கதவைச் சுற்றியுள்ள நார்ப் பட்டி, சென்சர் என்று எல்லாமே ஒழுங்காக இருந்தால்தான் அது நடக்கும். 180-இல் கேக் சுடும்போது வெளியே தெரியாத குறையெல்லாம் 480-இல் தெரியவரும்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஓவனின் பின்சுவரில், மேல்பக்கமாக, பென்சில் தடிப்பில் ஒரு உலோகக் குச்சி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சென்சர். அதற்குள் ஒரு பிளாட்டினத் துண்டு இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை ஏறும், போர்ட் அந்தத் தடையை அளந்துதான் வெப்பநிலையைத் தெரிந்துகொள்கிறது. அமெரிக்க ஓவன்களில் பெரும்பாலும் பனிக்கட்டிச் சூட்டில், அதாவது 0 பாகையில், 1000 ஓம் (மின்தடையை அளக்கும் அலகு) காட்டும் வகைதான் போடுவார்கள். 20 பாகையில் அது 1078 ஓம், 25 பாகையில் 1097, 200 பாகையில் ஏறக்குறைய 1759, 500 பாகையில் சுமார் 2810.

இங்கேதான் மலைநாட்டில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கொழும்பில் பழகியவர்கள் "சாதாரண சூட்டில் 1100 காட்ட வேண்டும்" என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கொழும்புக்கு அது சரி. நுவரெலியாவில் காலை எட்டு மணிக்குச் சமையலறை 15 பாகையில் இருக்கும்போது நல்ல சென்சர் 1058-தான் காட்டும். அதைப் பார்த்து "சென்சர் பழுது" என்று நல்ல சாமானைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அளக்கும் முன் சுவரில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு அறையின் சூட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 4 ஓம் என்று கணக்கு வைத்தால் போதும்.

சென்சர் அவ்வளவு லேசில் கெடாது. கெடுவது அதன் வயர் போர்டின் வயரோடு சேரும் பிளாஸ்டிக் கனெக்டர். அது ஓவனின் முதுகில், சூட்டுக்கும் ஈரத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். நுவரெலியாவில் ஒரு விடுதியில் இதே எஃப் குறை என்று கூப்பிட்டார்கள். ஓவனை முன்னால் இழுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின் தகட்டைக் கழற்றினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய கனெக்டர் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு ஊசியின் கழுத்தில் பச்சைக் களிம்பு, பழைய செப்புக்குடத்தின் அடியில் பிடிக்குமே, அது மாதிரி. சென்சரை மட்டும் தனியாக அளந்தேன்: 1062. அன்று அங்கே 16 பாகை, எனவே கச்சிதம். கனெக்டரை மறுபடி பூட்டி, போர்ட் முனையிலிருந்து அளந்தால் 1190. வயரை ஒரு விரலால் லேசாக ஆட்டினால் 1240, 1170, 1310 என்று மீட்டர் தாவுகிறது. சென்சருக்கும் போர்டுக்கும் ஒரு குறையும் இல்லை. நடுவில் உள்ள அந்தக் களிம்பு மட்டும் 100, 200 ஓம் கூட்டிச் சொல்கிறது. ஓம் கூடினால் போர்டுக்குச் சூடு கூடினது என்று அர்த்தம்.

இனி உங்கள் கேக்குக்கு வருவோம். மலையில் காற்றழுத்தம் குறைவு, கேக் சட்டென்று எழும்பி நடுவில் அமுங்கும், அதனால் சூட்டைப் பத்துப் பாகை போலக் கூட்டிச் சுடுகிற வழக்கம் உண்டு. அது உண்மை. ஆனால் பண்டாரவளையின் உயரம் போன வருஷமும் இதேதான். போன வருஷம் 180-இல் வெந்த அதே கேக் இந்த வருஷம் 200 கேட்கிறதென்றால் அதற்கு மலை காரணமில்லை. உங்கள் ஓவன் 180-இல் இருக்கும்போது தன்னை 200 என்று நினைக்கிறது. அந்தச் சூட்டில் 20 பாகை என்றால் சுமார் 74 ஓம். அவ்வளவு தடை எங்கோ கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

கேக் சுடும்போது அந்த 74 ஓம் ஏறக்குறைய நிலையாக இருக்கும், நீங்களும் 20 கூட்டிச் சமாளித்துவிடுகிறீர்கள். சுத்தம் செய்யும் முறையில் ஓவனின் முதுகே கொதிக்கிறது. கனெக்டர் இளகுகிறது, தடை தாவுகிறது. 480 பாகையில் நிற்கும்போது 300 ஓம் கூடினால் போர்டுக்கு அது 570 போலத் தெரியும். உடனே "எல்லை தாண்டிவிட்டது" என்று எஃப் எண்ணைக் காட்டி நிறுத்திவிடும். அது செய்வது சரி, சந்தேகம் வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் உள்ளே நிஜமாக 570 இருந்திருக்காது.

ஒருவேளை போர்ட் முனையில் அளந்தும் நல்ல பெறுமதியே வந்தால் சென்சரையே சோதிக்க வேண்டும். கழற்றி, நுனியை மட்டும் நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கோப்பையில் சில நிமிஷம் வைத்தால் 1000 ஓமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்புறம் கொதிக்கிற தண்ணீர். புத்தகத்தில் 100 பாகைக்கு 1385 என்று போட்டிருக்கும், ஆனால் 1200 மீற்றருக்கு மேலே இருக்கிற பண்டாரவளையில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். உங்களுக்கு 1370 வந்தால் சென்சர் நல்லது. நுவரெலியா என்றால் 94 பாகை, 1362. நுனி மட்டும்தான் தண்ணீரில் படலாம், வயர் பொருத்திய முனை நனையக் கூடாது. துடைத்து நன்றாகக் காய வைத்துப் பூட்டுங்கள். பூட்டும்போது குச்சி ஓவனின் சுவரில் சாய்ந்து முட்டாமல் நேராக உள்ளே நிற்க வேண்டும், காற்றின் சூட்டை அளக்க வேண்டியது சுவரின் சூட்டை அளந்துகொண்டிருந்தால் கணக்கு பிசகும்.

உள்ளே நிஜமாகவே எல்லை தாண்டுவதும் உண்டு. அதற்கு முக்கியமான காரணம் ரிலே ஒட்டிக்கொள்வது. எலமென்டுக்கு, அதாவது சூடேற்றும் கம்பிக்கு, கரண்ட் போவதையும் நிற்பதையும் போர்டில் உள்ள ரிலே என்ற சுவிட்ச்தான் செய்கிறது. ஒவ்வொரு தடவையும் அதன் இரண்டு முனைகளும் சேரும்போது சின்னப் பொறி பறக்கும். பல வருஷம் ஓடினால், அல்லது சித்திரை, ஐப்பசி மாதப் பின்னேரங்களில் இங்கே அடிக்கிற இடியில் ஒரு தாக்கு வாங்கினால், அந்த முனைகள் உருகி ஒட்டிவிடும். அப்புறம் போர்ட் "நிறுத்து" என்றாலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். இது ஆபத்தானது. கண்டுபிடிப்பது சுலபம்: ஓவனைச் சாதாரணமாக 150 பாகைக்குப் போட்டு, பத்து நிமிஷத்தில் ஓஃப் செய்யுங்கள். கால் மணித்தியாலம் கழித்தும் எலமென்ட் சிவந்திருந்தாலோ, சூடு ஏறிக்கொண்டே போனாலோ உடனே பிரேக்கரை இறக்கிவிட்டு, ரிலே மாற்றும் வரை அந்த ஓவனைத் தொடாதீர்கள். எலெக்ட்ரீசியனிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, ஓஃப் செய்தபின் எலமென்ட் வயரில் கரண்ட் ஓடுகிறதா என்று நேராகவே பார்த்துவிடலாம். ரிலே மட்டும்தான் பழுது என்றால் பெரும்பாலும் அதை மட்டும் கழற்றி அதே அளவில் புதுசு வைத்து ஈயம் வைக்கலாம், முழு போர்ட் தேவைப்படாது.

வோல்டேஜ் கூடியிருக்குமோ என்று பலர் கேட்பார்கள். உங்கள் எலமென்ட் 240 வோல்ட்டுக்குச் செய்தது, நம் நாட்டில் 230. அமெரிக்காவில் தந்ததைவிட எட்டு வீதம் குறைந்த சூட்டைத்தான் இங்கே தரும். அதை விட்டுவிடுங்கள்.

இனி வெளியே. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் எஃப் எண் வந்தால் ஓவன் தானே நின்றுவிடும், மரம் கருகத் தொடங்கினால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

சுவரில் பதிக்கும் ஓவனுக்குள் ஒரு கூலிங் விசிறி இருக்கிறது. கேக் சுடும்போது உள்ளே காற்றைச் சுற்றிவிடும் விசிறி வேறு, இது வேறு. இது ஓவனின் தகட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் காற்றை இழுத்து, போர்டைக் குளிரவைத்து, கதவுக்கு மேலோ கீழோ உள்ள நீளமான இடுக்கு வழியாக வெளியே தள்ளும். ஓவன் முன்பு எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை, சீமெந்து மேடையில் திறந்த இடத்தில் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வருஷம் ஆசாரியை வைத்து அலுமாரி அடித்து அதற்குள் பதித்திருக்கிறீர்கள். நல்ல ஆசாரிக்கு இடைவெளி தெரிந்தால் கண்ணை உறுத்தும், உடனே ஒரு பீடிங் அடித்து மூடிவிடுவார். அழகாக இருக்கும். அந்த இடுக்குதான் ஓவன் மூச்சு விடுகிற வழி. முதலில் ஒரு டோர்ச் எடுத்துக் குனிந்து பாருங்கள்: கதவுக்கு அடியிலோ மேலோ உள்ள இடுக்கை மரமோ சிலிக்கனோ அடைத்திருக்கிறதா? அலுமாரியின் பின்பலகை சுவரோடு ஒட்டி மூடியிருக்கிறதா? பின்பலகையை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஓவனோடு வந்த பதிக்கும் அளவுப் படம் உங்களிடம் இல்லாவிட்டால் மொடல் எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்கும். அதில் போட்டுள்ள இடைவெளி ஒரு சென்டிமீற்றர்கூடக் குறையக் கூடாது.

அப்புறம் மணிக்கூடு. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 தடவை அலையும், இங்கே 50. பழைய ஓவன் பலவற்றில் மணிக்கூடு அந்த அலைகளை எண்ணித்தான் நேரம் பார்க்கும். 60 எண்ண வேண்டிய இடத்தில் 50 வந்தால் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பத்து நிமிஷம் பிந்தும், ஒரு நாளில் நான்கு மணித்தியாலம். உங்களுடையது அந்த அளவில்தான் பிந்துகிறதா என்று ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்கள். அப்படியென்றால் சுத்தம் செய்யும் நேரமும் அதே கணக்கில் நீளும்: மூன்று மணித்தியாலம் என்று போட்டது மூன்று மணி 36 நிமிஷம் ஓடும். அவ்வளவு நேரம் அந்த மரம் 480 பாகையில் எரியும் ஓவனுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

விசிறி மோட்டாருக்கும் அதே கதிதான். 60-க்குச் செய்த சின்ன மோட்டார் 50-இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், தானும் கூடுதலாகச் சுடும். நம் மலைக்காற்று வேறு அடர்த்தி குறைந்தது. கடல்மட்டத்தில் அதே விசிறி தள்ளும் காற்றின் எடையை இங்கே தள்ளாது. ஒவ்வொன்றும் சின்னக் குறைதான், திறந்த மேடையில் இருந்தவரை ஓவன் தாங்கியிருக்கிறது. இரண்டு வருஷம் சுட்டுச் சுட்டு ஓடிய மோட்டாரின் புஷ்ஷும் இப்போது காய்ந்திருக்கக்கூடும், இறகில் எண்ணெய்த் தூசி படிந்திருக்கும். அதை மூடிய அலுமாரிக்குள் வைத்தால் சூடு போக வழி ஏது? ஓவனைச் சூடாக்கி, இடுக்குக்கு முன்னால் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடித்துப் பாருங்கள். நன்றாக விரித்து அடிக்க வேண்டும். சோம்பலாக ஆடினாலோ கிர் என்று சத்தம் வந்தாலோ மோட்டாரை மாற்றுங்கள். அதே அளவில் 230 வோல்ட், 50 அலைக்குச் செய்த மோட்டார் வைத்து அதற்குத் தனியாக 230 கொடுப்பது நல்ல தீர்வு. ஆனால் சில ஓவன்களில் விசிறியின் வேகத்தைப் போர்ட் கண்காணிக்கும், அந்த வகையில் மோட்டாரிலிருந்து மூன்றாவது, நான்காவது வயர் போகும். அப்படி இருந்தால் வெட்டி ஒட்டாமல் மொடல் எண்ணோடு சாமான் தேடுவதுதான் வழி.

இடம் மாற்றிய ஓவன் என்பதால் கண்ணாடிப் பஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து பெரகலை வளைவெல்லாம் லொறியில் குலுங்கி வந்தது, அப்புறம் அலுமாரிக்குள் தள்ளியது. பஞ்சு ஒரு பக்கம் சரிந்து கிடக்கலாம். மழைக்காலத்தில் எலி அந்தப் பஞ்சுக்குள் கூடு கட்டுவதும் நடக்கும், ஓட்டை விழுந்த இடத்துக்கு நேரே வெளித்தகடு மட்டும் தனியாகச் சுடும். அலுமாரி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுடுகிறதா, ஒரு கையகல இடம் மட்டும் சுடுகிறதா என்று 200 பாகையில் ஓட்டிக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் என்றால் பஞ்சு. கதவுப் பக்கம் என்றால் நார்ப் பட்டி கிழிந்திருக்கும், அல்லது கீல் வளைந்து கதவு சரியாகச் சாத்தவில்லை. எல்லாப் பக்கமும் என்றால் காற்றோட்டம்.

கதவு இரவு வரை திறக்காதது பழுதல்ல. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததும் பூட்டை இழுக்கிற மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. விசிறிக்கும் இல்லை. 450 பாகையில் நிற்கிற ஓவனுக்கு விசிறி நின்றால் உள்ளே அடைபட்ட சூடு மெல்ல மெல்ல போர்டுக்கும் மரத்துக்கும் ஏறும், உங்களுக்கு வார்னிஷ் வாசனை கூடியதும் அப்போதுதான் இருந்திருக்கும். ஆகவே கரண்ட் போகக்கூடும் என்று தெரிந்த நாளில் இந்த முறையைத் தொடவே கூடாது. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை நாம் மறக்கவில்லை, இன்றும் ஊவாப் பக்கம் காற்று அடித்தால் லைன் மேல் மரம் விழத்தான் செய்கிறது. இடையில் கரண்ட் போனால் அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிடுங்கள், பக்கத்தில் உள்ள துணி, டப்பாக்களை எடுத்துவிடுங்கள், ஓவன் கதவை மட்டும் நெம்பாதீர்கள். நெம்பினால் பூட்டு வளையும், அதோடு அந்தச் சூட்டில் காற்று புகுந்தால் உள்ளே இருக்கும் கொழுப்பு குப்பென்று பற்றும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தது எலமென்டின் வேலையாக இருக்கலாம். எலமென்டின் உள்ளே ஒரு வெள்ளை மாவு கரண்டையும் வெளித்தகட்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அந்த மாவு ஈரத்தை இழுக்கும். மூடுபனியில் மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடந்த ஓவன் முதல் நாள் ட்ரிப் அடிப்பது இங்கே வழக்கம், 100 பாகையில் ஒரு மணித்தியாலம் ஓட்டினால் காய்ந்துவிடும். ஆனால் நீங்கள் தினமும் கேக் சுடுகிறவர், உங்களுடையது 400 தாண்டியபின்தான் விழுந்திருக்கிறது. எலமென்ட் வயதாகி, உச்சச் சூட்டில் மட்டும் கரண்ட் கசிகிறது போல. சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டாது, உயர் வோல்டேஜ் கொடுத்துக் கசிவை அளக்கும் மெகர் என்ற மீட்டர் வேண்டும். மேல் எலமென்ட், கீழ் எலமென்ட் இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தாண்டி வயர் இழுக்க யாரையும் விடாதீர்கள். ஈரத்தரையில் நின்று சமைக்கிறவரின் உயிரைக் காப்பது அதுதான்.

இன்னொன்று. அமெரிக்க ஓவனுக்கு எலமென்டுக்கு 240, விசிறிக்கும் போர்டுக்கும் 120 என்று இரண்டு வோல்டேஜ் வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில் எங்கோ ஒரு டிரான்ஸ்போர்மர் இருக்கும். சில ஓவன்களில் நியூட்ரல் வயரையும் ஓவனின் உடம்பையும் ஃபெக்டரியிலேயே ஒன்றாக இணைத்து அனுப்புவார்கள். அங்கே அது பரவாயில்லை. இங்கே டிரான்ஸ்போர்மர் வைத்து இணைக்கும்போது அந்த நியூட்ரல் முனை நிலத்தோடு ஒப்பிட்டால் 115 வோல்ட்டில் நிற்கக்கூடும். அந்த இணைப்பைப் பிரித்து, உடம்பை வீட்டின் ஏர்த்தோடு தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் உங்கள் எலெக்ட்ரீசியனின் முதல் வேலை, சென்சருக்கும் முன்னால்.

அவர் வேலை செய்யும்போது ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஓவனின் முதுகில் ரூபாய்க் குற்றி அளவில் வட்டமான ஒரு பாதுகாப்புக் கட்டை இருக்கும், எல்லை மீறினால் கரண்டை வெட்டுவது அது. "இதுதான் அடிக்கடி வெட்டுகிறது, டிரெக்ட் பண்ணிவிடுகிறேன்" என்று இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஓவன் நன்றாகத்தான் ஓடும், விசிறி நின்ற ஒரு நாளில் வீடு போகும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கனெக்டருக்குப் புதுசு போடும்போது சாதாரணப் பிளாஸ்டிக்கும் இன்சுலேஷன் டேப்பும் அங்கே உருகிவிடும். சூடு தாங்கும் செராமிக் கனெக்டர் கேளுங்கள், கண்ணாடி நார் உறை போட்ட வயர் கேளுங்கள். செலவு போர்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

எல்லாம் சரிசெய்த பிறகும் உடனே மூன்று மணித்தியாலம் போட வேண்டாம். விருந்தினர் இல்லாத பகலில், வெயில் நாளில், ஆகக் குறைந்த நேரத்துக்குப் போட்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கம்பித் தட்டுகளை வெளியே எடுங்கள். அடித்தட்டில் அலுமினியத் தாள் விரித்திருந்தால் அதையும் எடுங்கள். கட்டியாக உள்ள கொழுப்பை முதலில் கையால் சுரண்டித் துடையுங்கள், அது எரிந்தால் புகையோடு தீயும் வரும். குளிர் என்று நாம் ஜன்னலைச் சாத்திப் பழகியவர்கள், அன்றைக்கு மட்டும் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும், அந்தப் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. வீட்டில் லவ்பேர்ட்ஸ், கிளி இருந்தால் கூட்டை வேறு வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். அவற்றின் நுரையீரல் மிக மெல்லியது, நான்-ஸ்டிக் பூச்சு அளவு மீறிச் சுட்டு வரும் புகையில் நிமிஷத்தில் செத்துவிடும். ஓவனுக்குள் நான்-ஸ்டிக் தட்டு எதுவும் மறந்து இருக்கக் கூடாது.

அலுமாரியைத் திருத்தும் வரை கையால் சுத்தம் செய்யுங்கள். அப்பச்சோடாவைத் தண்ணீரில் பசையாகக் குழைத்து, எலமென்டிலும் கதவு நார்ப் பட்டியிலும் படாமல் உள்ளே பூசி இரவு விட்டால் காலையில் ஈரத்துணிக்கே வந்துவிடும். மிச்சம் இருந்தால் கொஞ்சம் வினாகிரி தெளித்துத் துடைக்கலாம். கடையில் விற்கும் காரமான ஓவன் கிளீனர் இந்த வகை எனாமலைக் கெடுக்கும், அதை வாங்க வேண்டாம். என்னைக் கேட்டால், மரச் சமையலறையில் எரித்துச் சுத்தம் செய்வதை வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பிரேக்கரை இறக்கிவிட்டு மூன்று அளவு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: சென்சரில் நேராக எத்தனை ஓம், போர்ட் முனையில் எத்தனை ஓம், அப்போது அறையில் எத்தனை பாகை. பண்டாரவளையில் 20 பாகை இருக்கும் ஒரு காலையில் சென்சரில் 1078-உம் போர்ட் முனையில் 1150 அளவும் வந்தால் அந்தக் கனெக்டர்தான். இரண்டு இடத்திலும் 1078 வந்தால் எஃப்-க்குப் பின்னால் வந்த எண்ணையும் ஓவனின் மொடல் எண்ணையும் எழுதுங்கள், அப்புறம் போர்டைப் பற்றிப் பேசலாம்.